ஒரு பெட்டிக்கு எட்டு மடி

எங்கள் வீட்டு அரேபா வெள்ளை. அதை மூடுகிற துணியும் வெள்ளை. அம்மா சோளத்தை வேகவைத்து அரைத்து, உள்ளங்கையகலத்துக்குத் தட்டி, கரி அடுப்பில் சுடுவாள். விடிவதற்குள் கூடை நிறைந்துவிடும். அந்தக் கூடையை அப்பாவின் மோட்டார் சைக்கிளில் கயிறு போட்டுக் கட்டி, மேட்டிலிருந்து நகரத்துக்கு இறக்கி, நாலைந்து கடைகளில் கொடுத்துவிட்டு, அதே வண்டியில் நான் பல்கலைக்கழகம் போவேன். கடைசிக் கடைக்குப் போய்ச் சேரும்போது துணி வெள்ளையாக இருக்காது. அடுப்புக்கரி ஒட்டியிருக்கிறது என்றுதான் அம்மாவும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

நான் படிப்பது சுற்றுச்சூழல் பொறியியல். ஒரு நாள் எங்கள் ஆசிரியை நகரத்தின் பெரிய சாலையோரம் காற்றுத் தூசியைப் பிடிக்க வைத்திருந்த வடிதாள்களைக் கொண்டுவந்து வகுப்பில் காட்டினார். வைக்கும்போது பால்போல இருந்தவை. இப்போது அழுக்குப் பூனை நிறம். அதில் ஒன்று ஒவ்வொரு கையாக மாறி என்னிடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு, மர்யோரி?"

"எங்கம்மா துணி மாதிரியே இருக்கு டீச்சர்."

மறுநாள் துணியைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நிறம். தூபெர்னெய் எழுந்து நின்றான். எங்கள் மேட்டுப் பையன். நாலு வீடு தள்ளி இருக்கிறான். தினமும் எங்கள் அரேபாதான் அவனுக்குக் காலைச் சாப்பாடு.

"அடிப்பாவி, இத்தன நாளா எனக்குப் பொகையையா ஊட்டிட்டிருந்த?"

"நீ தின்னது மட்டும் இல்லடா. உன் வண்டி விட்டதும் அதுல இருக்கு," என்றேன்.

அவனிடமும் ஒரு வண்டி இருந்தது. எங்களுடையதைப் போலவே பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து குடித்து நீலமாகப் புகை கக்குகிற பழைய ரகம். மெடலின் நகரம் ஒரு வாணலி. சுற்றிலும் மலை. மழைக்காலம் தொடங்கும்போது மேகம் வந்து மூடிபோட்டு உட்கார்ந்துவிடும். அந்த நாட்களில் உள்ளே விட்டது எதுவும் வெளியே போகாது. எல்லாம் மூக்குக்கே திரும்பும்.

எங்கள் மேட்டின் உச்சியில் மெட்ரோவின் ரோப் கார் நிலையம் இருக்கிறது. அதில் ஏறினால் அடிவாரத்தில் மெட்ரோ. மெட்ரோவில் ஏறினால் சந்தை, பல்கலைக்கழகம், எல்லாம். தலைக்கு மேலேயே பெட்டிகள் போய்க்கொண்டிருக்க, நான் கீழே வண்டியை உதைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். இனி வண்டி எடுக்க மாட்டேன். கூடை ரோப் காரில்தான் இறங்கும்.

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் பெயர் நூபியா. கை நிற்கவில்லை.

"துணிய தொவைக்கிறவ நான். உனக்கென்ன வலிக்குது?"

"துணிய தொவைக்கலாம்மா. அரேபாவ தொவைக்க முடியுமா?"

அப்பா அர்ஹெமிரோ கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டார். காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். நடுராத்திரி லாரி வரும்போது போனால் வெயில் ஏறியபின்தான் திரும்புவார். பகலில் தூங்குவார். அல்லது தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பார்.

"இந்த வண்டிய வாங்க நான் எத்தன உருளக்கெழங்கு மூட்ட சொமந்தேன்னு உனக்குத் தெரியுமா? அர்ஹெமிரோ மவ கம்பியில தொங்கிட்டுப் போறான்னு சந்தையில சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்ப்பா. பெட்டியில ஒக்காந்துதான் போவேன். தொங்க மாட்டேன்."

"வாய் மட்டும் அம்மாவாட்டம்."

அம்மா மாவை மூடி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். அவளுக்கு என் புகையைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே ஒரு பெயர்தான் கவலை.

"லிசாந்த்ரோ?"

லிசாந்த்ரோ அண்ணன் சந்தையில் மூட்டைக்காரர்கள் வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். எங்கள் கூடையில் பாதி அவருக்கு. லாரி இறக்கி முடித்த ஆட்கள் விடிகிற நேரத்தில் கை கழுவிக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்போது அரேபா இருக்க வேண்டும், சூடான வெல்லத் தண்ணீர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்கள். அந்தப் பசிக்கு நன்றி, பழக்கம், முகதாட்சண்யம் எதுவும் கிடையாது. எனக்கு அது தெரியும். அந்தப் பசியைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

"லிசாந்த்ரோவுக்கு நேரத்துக்குப் போகும்," என்றேன்.

"போகலன்னா?"

"போகும்மா."

"போகலன்னா என்ன பண்ணுவேன்னு கேட்டேன்."

"திரும்ப வண்டி ஏறுறேன்."

"அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் லிசாந்த்ரோ கைவிட்டுப் போனா, மறுநாள் வண்டி. வாதாடக் கூடாது."

"சரி."

மறுநாள் விடியலில் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோப் கார் நிலையத்துக்குப் போனேன். நுழைவாயிலில் பச்சைச் சட்டை போட்ட காவல்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தபடியே கையை நீட்டி மறித்தாள். மெட்ரோக்காரர்கள் கத்த மாட்டார்கள். அதுதான் கஷ்டம். கத்தினால் நாமும் கத்தலாம்.

"இவ்வளவு பெரிய சாமான் இந்த நேரத்துல ஏத்தக் கூடாதுங்க."

"சாமான் இல்லக்கா. அரேபா."

"எதுவா இருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு பை. மடியில வைக்கிற அளவுதான். மூடியிருக்கணும். ஜனங்க ஒக்காரணுமில்ல?"

அவள் சொன்னதில் தவறு இல்லை. பெட்டியில் எட்டுப் பேர் உட்காரலாம். என் கூடை மூன்று பேர் இடத்தை அடைக்கும். பின்னால் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள், கொத்தனார்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். திரும்பிப் போய் வண்டியை எடுத்தால் முதல் நாளே முடிந்தது கதை.

அவள் சொன்ன ஒரு வார்த்தையில் என் மனம் நின்றது. மடி.

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் தெய்சி நின்றாள், செவிலியர் படிப்புக்காரி. அவளுக்குப் பின்னால் யாதிர். கடற்கரை ஊர்ப் பையன். எங்கள் தெருவில் வாடகை அறையில் தங்கிப் படிக்கிறான். இருவர் மடியும் காலி.

"தெய்சி, கீழ போறவரைக்கும் உன் மடியக் கடன் குடு."

"என்னடி ஒளற்ற?"

அம்மா கூடைக்குள் அரேபாக்களைத் துணிப்பைகளில் பிரித்துத்தான் அடுக்கியிருந்தாள், கடைக்கு ஒன்று, லிசாந்த்ரோவுக்கு நான்கு என்று. நான் பைகளை வெளியே எடுத்தேன். தெய்சிக்கு ஒன்று, யாதிருக்கு ஒன்று. முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடமும் கேட்டேன். "கீழ எறங்கினதும் வாங்கிக்கறேன். கூலி ஒரு அரேபா." அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு. மேட்டில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். "ரெண்டு பையாக் குடு," என்றாள்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்," என்றாள் காவல்காரி, அப்போதும் சிரித்தபடி.

மிச்சப் பைகளுக்கும் வரிசையிலேயே மடி கிடைத்தது. காலிக் கூடையை நிலையத்து மூலையில் தேங்காய் மிட்டாய் விற்கிற பெண்ணிடம் விட்டுவிட்டுப் போனேன். அன்று லிசாந்த்ரோ கடைக்கு அரேபா நேரத்துக்கு வந்தது. பையின் துணி வெள்ளையாகவே வந்தது. நான் அதை அவரிடம் காட்டினேன். "எனக்கெதுக்குத் துணி? அரேபாவ எறக்கு," என்றார்.

இரண்டு வாரத்தில் அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. மேட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்கள் ஒரே நேரத்துக்கு வந்தார்கள். பேர் சொல்லிப் பை கொடுப்பேன். பெட்டிக்கு எட்டு மடி, சில நாள் இரண்டு பெட்டி. மூட்டைக்காரர் வாசலுக்கு அருகிலுள்ள நிலையத்தில் என்னோடு இரண்டு பேர் இறங்கிப் பைகளைத் தூக்கி வருவார்கள். கூலி அரேபா, மெட்ரோவுக்கு வெளியே வந்தபிறகு.

தூபெர்னெய் கடைசியாக வந்தான். காற்று மோசமென்று நகராட்சி அவன் வண்டி மாதிரி வண்டிகளைக் காலை வேளையில் சாலைக்கு வரக்கூடாது என்று தடுத்திருந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றான்.

"வாங்க துரை," என்றாள் தெய்சி. "வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?"

"தட முடியறவரைக்கும்தான். அப்புறம் நான் யாரோ நீங்க யாரோ."

"மடிய நீட்டு மொதல்ல."

தடை முடிந்தது. அவன் வரிசையில்தான் நின்றான். கேட்டால், "பெட்டியில ஒக்காந்து பரீட்சைக்குப் படிக்கலாம். வண்டி ஓட்டிக்கிட்டே படிச்சா செத்துருவேன்," என்றான். மடியில் சூடான பையும் பக்கத்தில் தெய்சியும் இருப்பதைப் பற்றி அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒருவனால் மட்டும் தாங்க முடியவில்லை. யாதிர்.

"என் மடியில இருக்கு. என் மூக்குக்குக் கீழ இருக்கு. நான் ஏன் திங்கக் கூடாது?"

"மெட்ரோல யாரும் திங்க மாட்டாங்க."

"சட்டமா?"

"சட்டமோ என்னவோ. திங்க மாட்டாங்க."

"எங்க ஊர்ல பஸ்ஸுக்குள்ள மீனு பொரிச்சது வரும், மாங்கா வரும், கோழி உசுரோட வரும். தின்னுக்கிட்டே போவோம்."

"அதான் உன் சட்டையில இன்னும் கோழி நாத்தம்," என்றான் தூபெர்னெய்.

யாதிருக்கு அது புரியாது. ரோப் கார் வருவதற்குமுன் இந்த மேட்டுக்கு நகரம் அனுப்பியதெல்லாம் போலீஸ் ஜீப்பும் சவப்பெட்டி வண்டியும்தான். அது வந்தபோதுதான் முதல்முறையாக ஒரு புதுப் பொருள் எங்களுக்குக் கிடைத்தது. அதில் யாரும் கீறியதில்லை, துப்பியதில்லை. குழந்தை பிஸ்கெட்டைப் பிரித்தால் அம்மாவுக்கு முன்னால் அடுத்தவள் "உஷ்" என்பாள்.

ஏப்ரலில் யாதிரின் கடற்கரை ஊரில் வெயில். எங்கள் மலையில் அதே மாதம் மழை. அந்த வாரம் லிசாந்த்ரோ என்னைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"எதிர் மலையிலேர்ந்து ஒருத்தன் வந்து கேட்டான். வண்டியிலயே வாசல்ல கொண்டாந்து எறக்கறேங்கறான். நீ நல்ல புள்ள. உங்கப்பன் என் சிநேகிதன். ஆனா ஒரு நாள் நீ தவறினா நான் அவனத்தான் கூப்பிடுவேன். பின்னால மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"தவற மாட்டேண்ணே."

"சொல்றது நீயி. கம்பி சொல்லணும்."

கம்பி மூன்று நாள் கழித்துச் சொன்னது.

அன்று விடியும்போதே வானம் கறுத்திருந்தது. பெட்டியில் நான், தெய்சி, தூபெர்னெய், யாதிர், பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பெண்கள், தலைக்கவசத்தை முழங்காலில் மாட்டியிருந்த ஒரு கொத்தனார், ஆஸ்பத்திரி துப்புரவு வேலைக்குப் போகிற ஒரு அக்கா. எட்டு மடியிலும் பை. பாதி வழியில், பள்ளத்துக்கு நேர் மேலே, பெட்டி ஒருமுறை முன்னால் ஆடி, பின்னால் ஆடி, நின்றது. எதிர் மலையில் மின்னல் இறங்கியது. ஒலிபெருக்கியில் அமைதியான பெண் குரல்: இடி மின்னல் காரணமாகச் சேவை நிறுத்தப்பட்டுள்ளது, பயணிகள் பொறுமை காக்கவும்.

பொறுத்தோம். மழை கூரையில் கல் கொட்டுவதுபோல் கொட்டியது. கண்ணாடி முழுதும் அரேபாவின் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. உள்ளே சோள வாசனை மட்டும். இடி அடங்கவில்லை. சேவையும் தொடங்கவில்லை. வாசனை ஏறிக்கொண்டே போனது.

பள்ளிக்கூடப் பெண்களில் சின்னவளின் வயிறு சத்தம் போட்டது. அவள் பையை இறுக்கி அணைத்து அதை அடக்கப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வயிறும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

என் தொலைபேசி அடித்தது. லிசாந்த்ரோ.

"எங்கம்மா இருக்க?"

"ஆகாசத்துல, அண்ணே."

"வெளையாடற நேரமா இது?"

"நெசமாத்தான். பள்ளத்துக்கு மேல தொங்கிட்டிருக்கோம். மின்னல் நின்னா எறக்கிருவாங்க."

அந்தப் பக்கம் ஆட்களின் சத்தம் கேட்டது. யாரோ மேசையைத் தட்டினார்கள்.

"ஆளுங்க கை கழுவிட்டு நிக்கறானுங்க. அவன் வண்டியில கொண்டாந்து வாசல்ல நிக்கறான், நனைஞ்ச கோழி மாதிரி. நான் வாங்கிக்கறேம்மா."

"இன்னைக்கு மட்டுமாண்ணே?"

"நாளைக்கும்தான். தெனம் ஒருத்தன்கிட்ட மாறி மாறி வாங்க என்னால ஆகாது. கோவிச்சுக்காத."

"கோவமில்லண்ணே."

கோபம் இல்லைதான். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கூடையில் பாதி இப்போது யாருக்கும் இல்லை. லிசாந்த்ரோ போனால் வண்டி என்பது அம்மாவின் பேச்சு. அதற்குச் சரி சொன்னவள் நான்.

பெட்டியில் இருந்த எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அந்த இடத்தில் ரகசியம் பேச முடியாது. தெய்சி என் முழங்காலைத் தட்டினாள்.

யாதிர் மெதுவாக ஆரம்பித்தான். "மர்யோரி, தப்பா நெனைக்காத. இப்ப இந்தப் பை யாருது?"

"என்னுது."

"இல்ல, லிசாந்த்ரோவுது இல்லேல்ல? அப்ப சொந்தக்காரன் இல்லாத அரேபா. ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கறோம். உனக்கும் வித்த மாதிரி ஆச்சு, எங்களுக்கும் பசி தீந்த மாதிரி ஆச்சு."

அது நல்ல யோசனைதான். அங்கேயே விற்றிருந்தால் எட்டுப் பேரும் வாங்கியிருப்பார்கள். நான் ஒரு கணம் பையின் முடிச்சைத் தொட்டேன். தொட்டதுமே ஏழு முகமும் என் விரலைப் பார்த்தன. ஆசையோடு இல்லை. யாதிரைத் தவிர மற்றவர்கள் நான் ஏதோ உடுத்தியிருக்கிற துணியை அவிழ்க்கப் போகிறேன் என்பதுபோல் பார்த்தார்கள்.

கொத்தனார் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நான் நேத்து ராத்திரியே சாப்பிடல. கம்பி அறுந்து கீழ விழுந்து செத்தாலும் சரி, பொட்டியில ஒரு சோளத் துணுக்கு கெடக்கக் கூடாது."

"செத்தப்புறம் யாரு பாக்கப் போறா அண்ணே?"

"மேல இருக்கறவங்க பாப்பாங்க. என் பொண்டாட்டியும் பாப்பா. 'மெட்ரோல தின்னுட்டு செத்தான்'ம்பா."

பெட்டியே சிரித்ததில் இன்னொரு முறை ஆடியது. நான் முடிச்சிலிருந்து கையை எடுத்தேன்.

"வெளிய வந்ததும்," என்றேன். "யாருக்கு வேணுமோ இப்பவே சொல்லி வைங்க. மொதல் ஆளு மொதல்ல."

"எனக்கு மூணு," என்றார் கொத்தனார் உடனே.

"எனக்கும் பிள்ளைங்களுக்கும்," என்றாள் துப்புரவு அக்கா. பள்ளிக்கூடப் பெண்கள் காதோடு காது பேசி, இரண்டு பேருக்குமாய்ச் சேர்த்துச் சொன்னார்கள். யாதிர் தலையில் அடித்துக்கொண்டான். "பைத்தியக்கார ஊரு இது. மடியில சோத்த வச்சுக்கிட்டுப் பேரு பதியறானுங்க. எனக்கு நாலு."

மின்னல் எதிர் மலையைத் தாண்டிப் போனபின் பெட்டி அசைந்தது. அடிவார நிலையத்தில் கதவு திறந்ததும் வாசனை எங்களுக்கு முன்னால் இறங்கியது. முன்னாலும் பின்னாலும் தொங்கிய பெட்டிகளிலிருந்தும் ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரே பசி. நடைமேடையில் ஒருவரும் கை நீட்டவில்லை. படிக்கட்டில் நீட்டவில்லை. எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டே, எங்களோடு ஒட்டி, வரிசை குலையாமல் நடந்தார்கள், சவ ஊர்வலம் மாதிரி. வெளிவாசல் சுழல்கதவைத் தாண்டியதும்தான் வரிசை உடைந்தது.

"எனக்கு மூணு சொன்னேன்!" என்றார் கொத்தனார்.

"எந்தப் பொட்டியில சொன்னீங்க? நாங்களும் பசியோட தொங்கினோம்ல?" என்றான் முன்பின் தெரியாத ஒருவன்.

தூபெர்னெய் வாசல் கூரைக்கடியில் ஒரு சிமென்ட் திட்டில் ஏறி நின்றான். வகுப்பில் என்னைக் கிண்டல் செய்வான், ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சப்படுகிறவன். சந்தைக்காரன் மாதிரிக் கத்தினான். யாதிர் அவனுக்குப் பக்கத்தில் கடற்கரைப் பேச்சில் இழுத்து இழுத்துக் கத்தினான். ஒரு வாய் தின்பதும் ஒரு வாய் கத்துவதுமாக. அங்கே ப்ளாஸ்க் வைத்துக் காப்பி விற்கிற அக்கா, பேர் எல்வியா, முதலில் முறைத்தாள். அரேபா தின்றவர்களெல்லாம் திரும்பித் தன்னிடம் காப்பி கேட்கவும் முறைப்பை நிறுத்தினாள்.

மற்றக் கடைகளின் பைகளை நான் தொடவிடவில்லை. தெய்சியிடம் கொடுத்து அனுப்பினேன். தாமதம்தான், ஆனால் அந்தக் கடைகள் எட்டு மணிக்குமேல்தான் சூடு பிடிக்கும். லிசாந்த்ரோவின் நாலு பையும் அந்த வாசலிலேயே காலி.

காலியானது சந்தோஷம். ஆனால் பேச்சு பேச்சுதான். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது வண்டிச் சாவி மேசைமேல் இருந்தது. அப்பா பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார். சந்தைச் செய்தி அவரோடு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன சொன்ன அன்னைக்கு?"

"திரும்ப வண்டி ஏறுறேன்னு சொன்னேன்."

"ஏறு. சாவி அங்க இருக்கு."

நான் சாவியை எடுத்தேன். வாதாடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். வாதாடவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"நாளைக்கு வண்டியில யாருக்கும்மா கொண்டு போகணும்?"

"யாருக்கா? லிசாந்த்ரோ..." என்று தொடங்கி அம்மா நிறுத்தினாள். வண்டி லிசாந்த்ரோவுக்காக. லிசாந்த்ரோ இல்லை. மற்றக் கடைகள் எல்லாம் மெட்ரோ நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். அவள் மனத்தில் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது, மாவில் உப்பு சரியா என்று விரலால் பார்ப்பதுபோல.

அப்பா சூப் கிண்ணத்துக்குள் சிரித்தார்.

"நீ என்னத்துக்கு இளிக்கற?" என்றாள் அம்மா அவர் பக்கம் திரும்பி. "நீ இன்னைக்குக் காலையில எங்க தின்ன?"

"லிசாந்த்ரோ கடையிலதான்."

"யாரு அரேபா?"

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"பசிச்சுதுடி நூபியா. விடிய விடிய வெங்காய மூட்ட."

"அந்த எதிர்மலைக்காரன் அரேபாவத் தின்னுட்டு என் மேசையில ஒக்காந்து சூப்பு குடிக்கறயா?"

"சுமாராத்தான் இருந்துச்சு."

"சுமாரா இருந்துச்சாமே! எத்தன தின்ன?"

எத்தனை என்பது இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. லிசாந்த்ரோ எங்களை மறுபடி கூப்பிடவும் இல்லை. எதிர்மலைக்காரன் நேரத்துக்கு வருகிறான். மூட்டைக்காரர்கள் அவனுடையதைத்தான் தின்கிறார்கள், என் அப்பாவும் சேர்த்து. வேலை செய்கிற இடத்தில்தானே தின்ன முடியும்?

அம்மா என்னிடம் திரும்பினாள். கோபம் அப்பாவிடம் செலவழிந்துபோயிருந்தது.

"அங்க கத்தி வித்தது யாரு?"

"தூபெர்னெய்."

"அவனா? பைய எப்பிடித் தெறந்தான்?"

"முழுசா அவுத்துத் திட்டுல வச்சான்."

"முட்டாப்பய. அத்தனையும் ஆறிப்போயிருக்கும். ஒரு ஓரத்த மட்டும் தூக்கி, ஒண்ணொண்ணா எடுக்கணும். சும்மா சாப்பிடக் குடுத்தியா, வெண்ணெ தடவிக் குடுத்தியா?"

"வெண்ணெ எங்கம்மா இருந்துச்சு?"

"வெண்ணெயில்லாம வித்தீங்களா!" அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, இன்னொரு பாத்திரம் சோளம் ஊறப் போட்டாள். "சாவிய உங்கப்பன்கிட்ட குடு. ஞாயித்துக்கெழம தொடச்சு வச்சு அழகு பாக்கட்டும்."

அம்மா அதுவரை ரோப் காரில் ஏறியதே இல்லை. உயரம் என்றால் அவளுக்குப் பயம். நகரத்துக்குப் போக வேண்டுமானால் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவாள், இல்லையென்றால் படிக்கட்டில் இறங்குவாள். மறுநாள் விடியலில் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, வெண்ணெய் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். காவல்காரப் பெண்ணிடம், "ஒரு பைதான், மடியிலதான்," என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

பெட்டி நிலையத்தை விட்டு வெளியே பாய்ந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மாவு பிசைகிற கை. எலும்பு நொறுங்கியது.

"கீழ பாக்காதீங்கம்மா," என்றாள் தெய்சி.

"நான் எங்கயும் பாக்கல. கண்ண மூடியிருக்கேன். எறங்கினதும் சொல்லு."

யாதிர் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். மூக்கை உறிஞ்சினான். "அம்மா, இந்த வெண்ணெ வாசன..."

"எறங்கினதும்," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

கீழே எல்வியா அக்காவின் காப்பித் தட்டுக்குப் பக்கத்தில் பையை வைத்தாள். எல்வியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். அம்மா ஒரு அரேபாவில் வெண்ணெய் தடவி, உப்புத் தூவி, அவளிடம் நீட்டினாள். எல்வியா கடித்தாள். மென்றாள். தட்டை இரண்டடி நகர்த்தி இடம் விட்டாள்.

சுழல்கதவுக்கு அந்தப் பக்கம் அடுத்த பெட்டியின் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். முந்தைய நாள் கொத்தனார் கூட்டத்தில் கையை உயர்த்திக் காட்டினார். எனக்கு முதல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ரயில் நடைமேடைக்குத் திரும்பினேன்.

"ஏ மர்யோரி!" அம்மா கத்தினாள். "சாயங்காலம் எப்ப திரும்புவ? நான் தனியா அதுல ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

"அரேபா காலை வேளையிலயே தீந்துரும்மா. அதுக்கப்புறம் என்ன பண்ணுவ?"

அவள் யோசிக்கவே இல்லை. ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி முதல் அரேபாவை எடுத்தபடி சொன்னாள்:

"மேல போற ஆளு யாராச்சும் கெடைப்பாங்க. கையப் புடிச்சுக்க ஒருத்தர் போதும். நீ போ, நேரமாச்சு."